காப்பது பெயரன்று, இருக்கை வாரே!

“வோல்வோ வாங்க நமக்கு ஏது வசதி, ஐயா? பாதுகாப்பெல்லாம் பணக்காரருக்குத்தான்” என்று பெற்றோர் சிலர் கூறுவர். இக்கூற்றை நான் முற்றாக மறுக்கின்றேன்.

1927-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் தன் முதல் மகிழுந்தை வெளியிட்ட நிறுவனம் வோல்வோ. 1959-இல் அதன் பொறியாளர் நில்ஸ் போலின் மும்முனை இருக்கை வாரை உருவாக்கினார். முன்பிருந்த வார்கள் பெரும்பாலும் இடுப்பை மட்டுமே பிணைத்தன. மோதலின்போது மேலுடல் முன்னே பாய்ந்தது. போலினின் வாரோ மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கியது. ஒரு கையாலேயே மாட்ட முடிந்தது. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்த வோல்வோ இசைந்தது. ஆகவே, அந்நிறுவனத்தின் தலைசிறந்த பாதுகாப்புக் கருவி இன்று நம் மைவியிலும் உள்ளது!

ஆயினும், பள்ளி வாயிலில் நான் காண்பதென்ன? முன்னிருக்கையில் தாயின் மடியில் ஒரு பிள்ளை. பின்னிருக்கையில் நின்றபடி இருவர். மலேசியாவில் பின்னிருக்கை வார் 2009 முதலும், குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 முதலும் கட்டாயம். சட்டம் இருந்தும் வார் தொங்கியவாறே கிடக்கிறது.

வோல்வோ உரிமையாளரும் இதற்கு விலக்கல்லர். “எங்கள் வண்டி இரும்புக் கோட்டை” எனப் பெருமை பேசும் ஒருவர், தம் மகனை வாரின்றி ஏற்றிச் செல்வதை நான் கண்டதுண்டு. 1972-இல் பின்னோக்கிய குழந்தை இருக்கையையும், 1978-இல் சிறுவரை உயர்த்தி அமர்த்தும் இருக்கையையும் அதே நிறுவனம் அறிமுகப்படுத்தியதை அவர் அறியாரோ? வார் அணியாத பிள்ளையை எந்தக் கோட்டையும் முழுமையாகக் காக்காது.

பெற்றோரே, பிள்ளையின் வாரை மாட்டிய பின்னரே வண்டியை எடுங்கள். ஆசிரியர்களே, நாமுந்தாம்!