எக்ஸ்ரே அறை இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை



இதை வாசித்துவிட்டு ஊரில் சிலர் கோபப்படுவீர்கள். எனக்கும் கோபம்தான், பாதி என் மேலேயே. அந்தக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியில் தரம் 8 பிள்ளை ஒருவன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஓட்டோவில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே அறை இருக்கிறது. வாசலில் பளிங்குக் கல்லில் பெயர்களும் இருக்கின்றன. கதவு பூட்டு. படம் எடுக்கிறவர் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவாராம். மிஸ்ஸி மட்டை வைத்துக் கட்டிவிட்டார், டொக்டர் ட்ரான்ஸ்பர் எழுதினார். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அன்று அத்தனை நோயாளருக்கும் அவர்கள் இருவர்தான். அம்பியூலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிப் போயிருந்தது. பிள்ளையின் உம்மா கடன் வாங்கித்தான் வாகனக் கூலி கொடுத்தார். இலவச சுகாதாரம்!

அந்தக் கட்டடத்துக்கு ஜும்ஆவில் துண்டு ஏந்திக் காசு சேர்த்தோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் அனுப்பினார்கள். நிய்யத்தில் குறையில்லை. ஆனால் உள்ளே வேலை செய்யப்போவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

கட்டடத்தை யாரும் கட்டிக் கொடுக்கலாம். ஆளணி அப்படியில்லை. புதிதாக ஒரு பதவி வேண்டுமென்றால் திறைசேரியின் கீழ் இருக்கும் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். அங்கீகரித்த ஆளணியில் அந்தப் பதவி இல்லையென்றால், ஜப்பானிலிருந்து மெஷின் கொண்டுவந்து இறக்கினாலும் அதற்கு உறை போட்டு மூடித்தான் வைக்க வேண்டும். தேர்தல் வந்தால் "தரமுயர்த்துவோம்" என்கிறார்கள். பெயர்ப்பலகை மாறுகிறது, நாமும் பட்டாசு கொளுத்துகிறோம். எத்தனை பதவி கூடியது என்று கேட்பதில்லை.

கேட்கவேண்டிய இடமும் காலியாகக் கிடக்கிறது. 13ஆவது திருத்தத்தின்படி நம்முடையது போன்ற ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்குச் சொந்தம். கிழக்கு மாகாண சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2012இல். அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணத்தின் சுகாதாரக் காசை ஆளுநரும் அதிகாரிகளும்தான் பங்கிடுகிறார்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும். வாக்குக் கேட்டு நம் வாசலுக்கு வராதவரை எங்கே பிடித்து நாம் கேள்வி கேட்பது? பக்கத்துத் தமிழ் ஊருக்கும் இதே கதைதான், அங்கே பூட்டிக் கிடப்பது பல் வைத்திய அறை.

"கேள்வி கேட்டால் வருவதும் வராமல் போய்விடும் சேர்" என்றார் ஒரு காக்கா. கேட்காமல் இருந்ததால் என்ன வந்தது காக்கா? நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் சுகாதார முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்று இந்த நாட்டில் நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்களை எரித்தார்கள். மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில். அதையும் பூட்டிய அறையையும் ஒன்றாக்காதே என்பீர்கள். ஒன்றாக்கவில்லை. அந்த வலிக்கு எதுவும் ஈடாகாது. ஆனால் ஊரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே முடிவெடுக்கும் பழக்கம் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேல்மாடிக்குக் காசு சேர்க்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஆளணிக்கு அனுமதி கிடைத்த கடிதத்தை முதலில் ஊருக்குக் காட்டுங்கள். காட்டினால் என் பங்கை முதல் ஆளாகத் தருவேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் ஒன்று நிரப்பிவிட்டேன். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நம் ஆஸ்பத்திரிக்கு அங்கீகரித்த ஆளணி எத்தனை, வெற்றிடம் எத்தனை, எக்ஸ்ரே அறை கட்டுமுன் பதவி கேட்டு எழுதினார்களா, அடுத்த வருடத் திட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது, அபிவிருத்திக் குழு கடைசியாகக் கூடியது எப்போது. இவ்வளவும் கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சேர்க்க வேண்டிய கேள்வி இருந்தால் ஞாயிறு இஷாவுக்குள் கீழே எழுதுங்கள். சொந்தப் பெயரில் எழுதுங்கள்.