வெட்டரிவாளின் இரும்பும் பிடியும்

உழவுத் தொழிலுக்கு இன்றியமையாத கருவிகளுள் ஏருக்கும் மண்வெட்டிக்கும் அளிக்கப்படும் கவனம் வெட்டரிவாளுக்கு அளிக்கப்படுவதில்லை. ஏர் பருவத்தில் மாத்திரம் உழைக்கிறது. அரிவாளோ வேலிக்கு முள் வெட்டுதல், வரப்போரத்து மரங்களைக் கழித்தல், தென்னை பனை மட்டைகளைத் தறித்தல், ஆட்டுக்குத் தழை வெட்டுதல், விறகு பிளத்தல் என்று ஆண்டு முழுவதும் ஓய்வின்றி உழைக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஆகிய வறண்ட மாவட்டங்களில் சீமைக் கருவேலை வெட்டிக் கரி சுடுவது பல குடும்பங்களுக்கு ஜீவனமாக இருக்கிறது. 1877-ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரத்தின் வைரமேறிய கணுக்கள் அரிவாளையும் அதைப் பிடிக்கும் கையையும் ஒருங்கே சோதிப்பவை.

இத்தகைய கருவியை வாங்கும்போது பார்க்கப்படுவது எது? சந்தையிலோ கொல்லன் பட்டறையிலோ அரிவாளைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் வாயைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார். அலகைச் சுண்டி ஓசை கேட்கிறார். கையில் தூக்கி எடை பார்க்கிறார். பின்பு விலை பேசுகிறார். பிடியைப் பற்றி ஒரு கேள்வியும் எழுவதில்லை. அலகு நன்றாயிருந்தால் பிடி எதுவாயினும் போதும் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் தவறானது. அலகின் தரம் வேலைக்கு வேண்டிய ஓர் அளவை எட்டிய பிறகு, அதற்கு மேல் எஃகில் தேடும் சிறப்பினால் விளையும் பயன் அற்பமே. அப்பொழுது பணமும் கவனமும் செல்ல வேண்டிய இடம் பிடியே ஆகும்.

முதலில் இரும்பைப் பற்றிய விவரம். எஃகின் குணத்தைப் பேசுமிடத்து இரண்டு தன்மைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒன்று கடினம், அதாவது தேயாமலும் மடங்காமலும் கூர்மையைக் காத்து நிற்பது. மற்றொன்று முறியாமை; அதாவது திடீரென விழும் அடியைத் தாங்கி, விரிசல் காணாமலும் வாய் உதிராமலும் நிற்பது. ஒரே எஃகில் முன்னதைக் கூட்டினால் பின்னது பெரும்பாலும் குறையும். அரம் மிகவும் கடினமானது. ஆயினும் கல்லின் மேல் தவறி விழுந்தால் இரண்டாக முறியும். மெல்லிரும்பு எவ்வளவு அடித்தாலும் முறியாது. ஆயினும் ஒரு கணுவை வெட்டுவதற்குள் அதன் வாய் மடங்கிவிடும். வெட்டரிவாளுக்கு வேண்டுவது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை.

இவ்வேறுபாட்டிற்கு முக்கிய காரணம் இரும்போடு கலந்திருக்கும் கரியின் அளவு. நூற்றுக்கு 0.3 பங்குக்கும் குறைவாகக் கரியுள்ள மெல்லிரும்பு, எவ்வளவு துவைச்சல் கொடுத்தாலும் கத்திக்குரிய கடினத்தை அடைவதில்லை. அரத்தில் 1 பங்குக்கு மேல் கரி உண்டு. லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகளில் 0.5 முதல் 0.65 பங்கு வரையில் கரியும், அதனுடன் குரோமியமோ சிலிக்கனோ சிறிதளவும் கலந்திருக்கும். பாரத்தால் ஓயாமல் வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்ட இவ்வெஃகு அடி தாங்குவதில் வியப்பில்லை. கிராமத்துக் கொல்லர்கள் இதனை விரும்பி எடுப்பது தக்க காரணம் பற்றியதே.

ஆனால் நல்ல பட்டையும் தவறான துவைச்சலால் கெடும். உலையில் காயும் அலகு ஏறக்குறைய 770 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை அடையும்போது காந்தத்தில் ஒட்டாத நிலைக்கு வரும். அந்நிலையை அறிந்து, அதற்குச் சற்று மேற்பட்ட சிவப்பில் எண்ணெயில் தோய்ப்பது முறை. மஞ்சளும் வெண்மையும் தோன்றும்வரை காய்ச்சினால் எஃகினுள் இருக்கும் மணிகள் பருத்து, அலகு பலமிழக்கும். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தாலோ விரிசல் காண ஏதுவுண்டு. தோய்த்த அலகு அப்படியே விடப்பட்டால் கண்ணாடியைப்போல் நொறுங்கும். ஆதலால் அதை மறுபடியும் மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். துலக்கிய அலகில் 220 முதல் 230 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், 255 டிகிரியை ஒட்டிப் பழுப்பும், 300 டிகிரியை ஒட்டி நீலமும் தோன்றும். வாய் வைக்கோல் நிறத்தைக் கடந்து பழுப்பேறும் அளவிலும், முதுகு நீலமாகும் அளவிலும் நிறுத்தப்பட்ட அரிவாள், வாயில் கூர்மையையும் முதுகில் தாங்கும் வலிமையையும் பெறும்.

வாங்குபவர் உலையருகே நின்று இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. எனினும் முறிந்த அரிவாளைத் தூக்கி எறியுமுன் அதன் முறிவாயை ஒருமுறை பார்ப்பது நன்று. அவ்விடம் சர்க்கரையைப்போல் பருமணியாகப் பளபளத்தால், கொல்லர் அளவுக்கு மேல் காய்ச்சிவிட்டார் என்று அறியலாம். மென்மையான சாம்பல் நிறமாயிருந்தால் காய்ச்சலில் குற்றமில்லை. முறிவாயின் ஒரு பகுதி மாத்திரம் கறுத்தோ துருவேறியோ இருந்தால், விரிசல் முன்னமே இருந்திருக்கிறது என்பது பொருள். நெடுங்காலம் ஓடிய லாரியின் பட்டையில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல்கள் இருப்பதுண்டு. ஆதலால் மலிவாகக் கிடைக்கிறதென்று மிகப் பழைய பட்டையைக் கொடுத்து அரிவாள் அடிக்கச் சொல்வது சிக்கனமாகாது.

கடினமான எஃகே உயர்ந்த எஃகு என்னும் நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டின் பழம்புகழும் ஒரு காரணம். நொய்யலாற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாய்வில் பழங்காலத்து இரும்பு உலைகள் வெளிப்பட்டன. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி எடுக்கப்பட்ட எஃகு கடல் கடந்து சென்று புகழ்பெற்ற வாள்களுக்கு மூலப்பொருளாயிற்று. அதன் இரகசியத்தை அறிய மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி 1819-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சிகள் செய்தார். இப்பெருமை மெய்யானதே. ஆயினும் அவ்வெஃகில் பெரும்பாலும் 1 பங்குக்கு மேற்பட்ட கரி இருந்தது. அதன் சிறப்பு கூர்மையும் தேயாமையுமே. சீமைக் கருவேலின் கணுவை நாள் முழுதும் வெட்டும் அரிவாளுக்கு அதனை இலக்கணமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நேபாளத்துக் கொல்லர்கள் கூர்க்காக்களின் குக்ரியை இன்றும் மோட்டார் வண்டியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்தே அடிக்கிறார்கள். காய்ந்த அலகின் வாய்ப்புறத்தில் மட்டும் கெண்டியிலிருந்து தண்ணீரை ஊற்றி அதனைக் கடினப்படுத்தி, முதுகை மென்மையாக விடுவது அவர்கள் வழக்கம். மேல்நாடுகளில் உலோகத்தைப் பொடியாக்கி, அழுத்திச் செய்யப்படும் மிக உயர்ந்த எஃகுகளும் கத்திகளுக்கு வந்துள்ளன. அவற்றின் முறியாமை வியக்கத்தக்கது, விலையும் அவ்வாறே. ஆனால் சரியாகத் துவைச்சல் பெற்ற ஸ்பிரிங் பட்டையே மரத்தை வெட்டும் அடியைத் தாங்கும்போது, அதைவிடப் பன்மடங்கு தாங்கும் எஃகினால் வெட்டுபவருக்குக் கிடைக்கும் அதிகப்படி இலாபம் யாது? மரம் அதை அறியாது. கையும் அதை அறியாது.

கை அறிவது பிடியை. ஓர் ஆள் காலையிலிருந்து மாலைவரை முள் வெட்டினால் ஆயிரக்கணக்கான அடிகள் விழுகின்றன. ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் பிடியின் வழியாகவே மணிக்கட்டுக்கு வருகிறது. பிடி மெலிந்திருந்தால் அரிவாள் நழுவாதிருக்க அதை இறுக நெரிக்க வேண்டும். நெரிக்கும் கை விரைவில் சோரும். பிடி உருண்டையாயிருந்தால் வெட்டும்போது அலகு கையில் புரளும். புரண்ட அலகு பக்கவாட்டில் பாய்ந்து காலைத் தாக்கும். பிடி குட்டையாயிருந்தால் அதன் கடைமுனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். கடைமுனையில் புடைப்பு இல்லாவிட்டால் வியர்த்த கையிலிருந்து அரிவாள் பறந்துபோகும். முறிந்த அலகினால் விளையும் விபத்தை எல்லோரும் நினைவில் வைக்கிறார்கள். நழுவிய பிடியினால் விளையும் விபத்தை ஆளின் அஜாக்கிரதை என்று சொல்லி மறந்துவிடுகிறார்கள்.

இக்காலத்தில் பல அரிவாள்கள் இரும்புக் குழாயைப் பற்றவைத்த பிடியுடன் விற்கப்படுகின்றன. இவை கழன்று போவதில்லை என்பது ஒரு சௌகரியம். ஆனால் வெயிலில் கிடந்தால் கையைச் சுடும், மழையில் வழுக்கும், அடியின் அதிர்ச்சியைச் சிறிதும் தணிக்காமல் கைக்கு அனுப்பும். இக்குறையை மறைக்க டயர் டியூபைச் சுற்றிக்கொள்வது வழக்கம். அது சற்று உதவுமாயினும், பற்றவைத்த இடத்தில் விரிசல் கண்டால் அதையும் சேர்த்து மறைத்துவிடும்.

நல்ல பிடிக்கு வேண்டிய இலக்கணம் கடினமானதன்று. பூவரசு, புளி, கருவேல் போன்ற மரங்களுள் ஒன்றை நன்றாக உலர்த்தி, அதன் இழை நெடுக்கில் ஓடும்படி செதுக்க வேண்டும். குறுக்களவு 30 முதல் 40 மில்லிமீட்டர் வரையில் இருக்கலாம். வெட்டுமுகம் வட்டமாயில்லாமல் முட்டை வடிவாயிருக்க வேண்டும். மூடிய கையின் அகலத்திற்கு மேல் இரண்டு விரற்கடையாவது நீளம் வேண்டும். கடைமுனை புடைத்திருக்க வேண்டும். பிடிக்குள் செல்லும் வால் துவைச்சல் பெறாமல் மென்மையாயிருத்தலும், வாலும் அலகும் கூடுமிடம் சதுர மூலையாக வெட்டப்படாமல் வளைவாயிருத்தலும் அவசியம். ஏனெனில் விரிசல் தொடங்குமிடம் பெரும்பாலும் அந்த மூலையே. வாய்ப்பக்கம் இறுகிய பூண் இருக்க வேண்டும். ஆணிகளின் தலைகள் கையில் தட்டாதபடி அராவப்பட வேண்டும். வழவழப்பான வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் பூசிய மரமே வியர்வையில் நன்றாகப் பிடிபடும்.

இவற்றோடு கவனிக்கத்தக்க மற்றொரு விஷயம் உண்டு. களைக்கொத்தானாலும் கதிர் அரிவாளானாலும் வெட்டரிவாளானாலும், வயலில் அவற்றைக் கையாள்பவர்களுள் பெருந்தொகையினர் பெண்கள். ஆண் கைக்கு அளவெடுத்த பிடி அவர்கள் கைக்குப் பருமனாகவும் பாரமாகவும் இருக்கிறது. போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் அமைத்த ‘நவீன்’ என்னும் கதிர் அரிவாளில், கைப்பிடிப்பு நன்றாயிருக்கவும் கையில் காயம் படாதிருக்கவும் பிடியின் பின்புறம் வளைவாகச் செய்யப்பட்டுள்ளது. கதிர் அரிவாளுக்குக் காட்டப்பட்ட இக்கவனம் அதைவிடக் கடுமையாக உழைக்கும் வெட்டரிவாளுக்கும் காட்டப்படத்தக்கது. ஒரே அலகுக்கு இரண்டு அளவான பிடிகள் செய்து வைப்பது எந்தத் தச்சருக்கும் அரிய காரியமன்று.

இதற்கு இரண்டு ஆட்சேபணைகள் கூறப்படலாம். உழைப்பவர் கை காய்த்துப் போனது, அதற்குப் பிடியின் சொகுசு எதற்கு என்பது ஒன்று. காய்ப்பு என்பது பிடி பலகாலம் உராய்ந்ததற்கு அடையாளமேயன்றி, பிடி நன்றாயிருந்ததற்கு அடையாளமாகாது. காய்த்த கையும் சோரும். அரிவாள் ஆளின் சொந்தக் கருவி, அதைப் பற்றி நிலச்சுவான்தாருக்கு என்ன கவலை என்பது மற்றொன்று. கூலி கொடுப்பவர் நிலச்சுவான்தாரே. பிற்பகலில் கொப்புளத்தால் கை தளர்ந்தவர் வெட்டாமல் விட்ட முள்ளும், காயம்பட்டவர் வராத நாட்களும் அவர் கணக்கிலேயே சேருகின்றன. இந்த நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஒரு மரப்பிடியின் விலை பெரிதன்று. இலாப நஷ்டத்தை விடுத்து நோக்கினும், தம் நிலத்தில் உழைக்கும் கையைக் காப்பது ஒரு கடமையே.

முற்காலத்தில் கொல்லரும் தச்சரும் களத்துமேட்டில் நெல்லாக மேரை பெற்று, கிராமத்தாருடைய கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வந்தார்கள். பிடிப்பவர் கையும் செய்பவர் கண்ணும் ஒரே ஊரில் இருந்தன. ஒருவருக்குப் பொருந்தாத பிடி மறுநாளே தச்சரிடம் திரும்பி வந்தது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியைப் போன்று அரிவாளுக்குப் பேர்போன ஊர்கள் இன்றும் உண்டு. ஆயினும் பெரும்பாலானவர்கள் கடையில் தொங்கும் அரிவாளை எடுத்து வருகிறார்கள். செய்தவருக்குப் பிடிப்பவரைத் தெரியாது. பல இடங்களில் வாங்குபவரும் பிடிப்பவரும் வேறாகிவிட்டார்கள்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம அதிகாரிகளும் இதில் செய்யக்கூடியது மிகுதி. கண்மாய்க் கரைகளிலும் வரத்துக் கால்வாய்களிலும் மண்டிய சீமைக் கருவேலை அகற்றுவதற்குக் கருவிகள் வாங்கும்போது, குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே பார்த்து முடிவு செய்தல் தகாது. அலகு ஸ்பிரிங் பட்டையா என்பது, எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தியதா என்பது, பிடி மரத்தாலானதா, அதன் பருமனும் நீளமும் யாவை என்பது ஆகியவற்றை விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடலாம். மொத்தமாக வாங்குமுன் இரண்டு மூன்று மாதிரிகளை வரவழைத்து, வேலை செய்யும் ஆண்களிடமும் பெண்களிடமும் கொடுத்து, ஒரு நாள் முழுவதும் வெட்டச் செய்து, மாலையில் அவர்கள் கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது எல்லாவற்றிலும் மேலானது.

நிலச்சுவான்தாரும் தம் பங்குக்கு, கொல்லரிடம் அலகுக்கு விலை பேசும்போது பிடிக்கென்று தனியாக ஒரு தொகை பேசி, தச்சரிடம் செய்விக்கலாம். அலகின் விலையில் பேரம் பேசி மிச்சப்படுத்துவதைவிட அத்தொகை நல்ல பயன் தரும். அரிவாளை அன்றாடம் பிடிக்கப்போகும் ஆளையும் உடன் அழைத்துச் சென்று, அவர் கையில் கொடுத்துப் பார்த்து வாங்குவதை ஒவ்வொரு கிராமத்திலும் வழக்கமாக்கிக் கொள்வது நலம்.