மீன் ஆணமும் இதய நலமும்

ஆற்றல் தரும் பானங்கள் என்று டப்பாக்களில் விற்கப்படுபவற்றின் மீது ‘டாரின்’ என்னும் பெயரை நம் பிள்ளைகள் கண்டிருப்பர். அது காளையிலிருந்து எடுக்கப்படுவதா, ஆகுமானதா என்று பெற்றோர் சிலர் ஐயுறுகின்றனர்.

1827ஆம் ஆண்டில் டீடமன், க்மெலின் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் அதனை மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தனர். லத்தீனில் ‘டாரஸ்’ என்றால் காளை; பெயர் வந்த வழி இதுவே. இன்று பானங்களில் சேர்க்கப்படும் டாரினோ ஆலைகளில் செயற்கையாகத் தயாரிக்கப்படுவது.

நம் உடலும் இச்சத்தைச் சிறிதளவு உண்டாக்கிக் கொள்கிறது. தாய்ப்பாலிலும் அது உண்டு. உயிரணுக்களில் நீரின் அளவைச் சீராக வைக்கிறது. இதயத் தசை சுருங்கி விரியத் தேவையான கால்சியத்தை ஒழுங்குபடுத்துகிறது. கொழுப்பைச் செரிக்கும் பித்த உப்புகள் உருவாகவும் உதவுகிறது. உணவில் டாரின் குறைந்த பூனைகளின் இதயம் விரிந்து நலிவதையும், அதனை ஊட்டியபின் தேறுவதையும் கலிபோர்னிய ஆய்வாளர்கள் 1987இல் கண்டறிந்தனர்.

மனிதர் நிலை என்ன? ஜப்பானிய அறிஞர் யமோரி முன்னின்று 1985இல் தொடங்கிய உலக சுகாதார நிறுவன ஆய்வு, சிறுநீரில் டாரின் மிகுந்த மக்களிடையே இதய நோய் மரணம் குறைவு என்று காட்டியது. எனினும் மீன் உண்போருக்கு வேறு நற்சத்துகளும் கிடைப்பதால், பெருமை முழுவதையும் டாரினுக்கே அளித்தல் முறையன்று. அது எலிகளின் ஆயுளை நீட்டியதாக 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயினும், முதுமையால் மனித இரத்தத்தில் டாரின் குறைவதாகச் சொல்ல இயலாது என்று 2025இல் அமெரிக்க ஆய்வு ஒன்று தெரிவித்தது.

தாவர உணவில் அரிதான இச்சத்து, பாம்பன், மண்டபம், கீழக்கரைக் கரைகளில் வந்திறங்கும் மீனிலும் கணவாயிலும் இயல்பாகவே உண்டு. டாரின் நீரில் கரையக்கூடியது. ஆகவே தாய்மார்கள் அறுத்த துண்டுகளை நெடுநேரம் நீரில் ஊறவிடுதலும், வெந்த நீரை வடித்துக் கொட்டுதலும் வேண்டா. ஆணமாகக் காய்ச்சினால், கரைந்த சத்தும் சோற்றோடு சேர்ந்துவிடும். கருவாட்டில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உடையோர் அதனைக் குறைத்தல் நலம்.

டப்பாப் பானத்திலோ டாரினுடன், இதயத் துடிப்பை விரைவுபடுத்தும் காஃபீனும் பெரும்பாலும் மிகுதியான சர்க்கரையும் கலந்துள்ளன. வளரும் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. இதய நோயாளிகள் மீனை நம்பி மருந்தை நிறுத்துவதோ, மருத்துவரைக் கேளாமல் டாரின் மாத்திரை விழுங்குவதோ கூடாது. மருந்து மருந்தின் இடத்திலும், உணவு உணவின் இடத்திலும் இருக்கட்டும்.