சம்பளமில்லாத பாசம்

இந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது அழுதேன். அதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாம் தடவை பார்த்தபோது, யாருக்காக அழுதோம் என்று எனக்கே வெட்கமாகப் போச்சு.

படம் 'சின்ஸ் யூ வென்ட் அவே'. 1944இல் டேவிட் செல்ஸ்னிக் தயாரித்து ஜான் குரோம்வெல் இயக்கியது. புருஷன் போருக்குப் போய்விடுகிறான். மனைவி ஆன் ஹில்டன் இரண்டு மகள்களோடு வீட்டைக் காக்கிறாள். அமெரிக்க வீடு யாராலும் பிடிக்க முடியாத கோட்டை என்று எடுத்த எடுப்பிலேயே எழுத்துப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். 1942இல் 'மிஸஸ் மினிவர்' இங்கிலாந்துக் குடும்பத்தை வைத்துச் செய்து ஆறு ஆஸ்கர் வாங்கிய வேலைதான் இது. போர்க்காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் பட்ட பாட்டைச் சொன்ன படங்கள் என்று இரண்டையும் கொண்டாடுகிறார்கள். சாதாரணமாம்! மினிவர் வீட்டில் சமைக்க ஒருத்தி, எடுபிடிக்கு இன்னொருத்தி. இது எந்தத் தெருவுக்குச் சாதாரணம்?

ஹில்டன் கோட்டைக்குள் ஃபிடேலியா என்றொரு கறுப்புப் பெண் இருக்கிறாள். பெயரிலேயே விசுவாசத்தை ஒட்டிவைத்துவிட்டார்கள். புருஷனின் பட்டாளத்துச் சம்பளத்தில் கட்டுப்படியாகாது என்று அவளை வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள். வேறு வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அப்புறம் திரும்பி வருகிறாள். இங்கேயே தங்கிக்கிறேன், அந்த வேலை போக மிச்ச நேரத்துல உங்க வேலையையும் செஞ்சு தர்றேன் என்கிறாள். கூலி கிடையாது. எஜமானி நெகிழ்கிறாள். நானும் நெகிழ்ந்தேன்.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடுகிற படத்தில் ஹில்டன் வீட்டு நாய்க்குக்கூட இடமிருக்கிறது. ஃபிடேலியாவின் குடும்பத்துக்கு இல்லை.

அன்றைக்கு வெளியே நடந்தது வேறு. 1941இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிக் கறுப்பு மக்களைத் திரட்டி வருவேன் என்று சொன்ன பிறகுதான், போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது என்று ரூஸ்வெல்ட் ஆணை போட்டார். கறுப்புப் பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். வெள்ளைக்கார அடுப்பங்கரைகளில் ஆள் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் இந்தப் படம் வருகிறது. ஆன் ஹில்டன் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் கற்றுக்கொள்கிறாள். ஃபிடேலியா அடுப்படிக்கே திரும்புகிறாள், அதுவும் சும்மா. நிஜத்தில் கைநழுவிப் போனதைத் திரையில் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டார்கள்.

நமக்கு இரட்டை டம்ளர் தெரியும். அங்கே ரத்தத்தையே பிரித்து வைத்தார்கள். 1942 தொடக்கத்திலிருந்துதான் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பரின் ரத்தத்தை வாங்கியது. வாங்கித் தனியாகச் சீட்டு ஒட்டி வைத்தது. 1950வரை இதுதான் நடந்தது.

ஃபிடேலியாவாக நடித்த ஹாட்டி மெக்டேனியலை நான் குறை சொல்லமாட்டேன். அடிமையாக இருந்தவரின் மகள். 1940இல் 'கான் வித் த விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார், அதை வாங்கிய முதல் கறுப்பர். அந்த விருந்தில் அவரை மற்ற நடிகர்களோடு உட்காரவிடாமல் சுவரோரம் தனி மேசை போட்டார்கள். அதிலும் வேலைக்காரி வேஷம்தான், இதிலும் அதுதான். 1952இல் செத்தபோது அவர் ஆசைப்பட்ட ஹாலிவுட் சுடுகாட்டில்கூட இடம் கொடுக்கவில்லை.

ஆலிஸ் சில்ட்ரெஸ் என்கிற கறுப்பு எழுத்தாளர் 1956இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் மில்ட்ரெட் என்கிற வேலைக்காரி, நீ எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி என்று பீற்றிக்கொள்ளும் எஜமானியை உட்காரவைத்து, எப்படியெல்லாம் தான் குடும்பம் இல்லை என்று எண்ணி எண்ணிச் சொல்கிறாள். படிக்கும்போது என் அம்மா பேசுகிற மாதிரியே இருந்தது. அம்மா முப்பது வருஷம் ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டாயில் சாணி அள்ளியவள். "நீ வேற நாங்க வேறயாடி?" என்று கேட்டுக்கொண்டே கொல்லைப்புறத்தில் எட்ட நின்று சட்டியில் கஞ்சி ஊற்றுவார்கள். ஃபிடேலியாவை அடுக்களைக்குள்ளாவது விட்டார்கள். எங்களுக்கு வாசப்படியோடு சரி. அறுப்பு முடிந்து கூலி நெல் கேட்கப் போனால் மட்டும் வேற ஆளாகிவிடுவோம்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் படத்தின் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கடைசிவரை கேட்டாள்.

"ரெண்டு வூட்டு வேலையும் அவளே பாத்தா, அவ புள்ளைக்கு யாருடா சோறாக்குனது?"