நாற்காலி விமானிகளே, கொஞ்சம் எழுந்திருங்க!

"ரிட்டயரான மனுஷன், ராத்திரி பூரா கம்ப்யூட்டர்ல ப்ளேன் ஓட்டறார் டாக்டர்!" என்று முறையிடும் இல்லத்தரசிகளே, ஓட்டட்டும் விடுங்கள்!

1982-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டரில் ஊரெல்லாம் வெறும் கோடுகள்தான். 2020-ல் வந்ததிலோ செயற்கைக்கோள் படங்களின் உதவியால் பூமி முழுவதுமே இருக்கிறது. காற்றின் திசை பார்த்து, வேகம் குறைத்து, சக்கரத்தை இறக்கி மீனம்பாக்கத்தில் தரையிறங்க எவ்வளவு கவனம் வேண்டும்! மெகா சீரியலைவிட எவ்வளவோ மேல். (கோபிக்காதீர்கள்!)

என் சண்டை நாற்காலியோடுதான். சென்னையிலிருந்து லண்டன் போக பத்து மணி நேரம் தாண்டும். நிஜ விமானியே துணை விமானியிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போய் வருவார். நம்மவரோ அசைய மாட்டார். சித்த மருத்துவம் அடக்கக்கூடாத வேகங்கள் 14 என்கிறது. அதில் சிறுநீர், பசி, தாகம், தூக்கம் நான்கையும் ஒரே ராத்திரியில் அடக்கிவிட்டு, நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் என்று என்னிடம் வருகிறார்.

உயரே போனதும் ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள் சார். கண்ணை மூடும் ஹெட்செட் மாட்டியவருக்குத் தலை சுற்றலாம். கண் பறக்கிறது, உள்காது உட்கார்ந்திருக்கிறதே! உடனே கழற்றிவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். என் கஷாயத்துக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அம்மா, நீங்களும் மோரை அவர் மேஜைக்குக் கொண்டுபோகாதீர்கள். சமையலறைக்கு வந்து குடிக்கட்டும்.