அமைதியான புள்ளையா... அஞ்சுற புள்ளையா?

மதுரைப் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இப்படி ஒரு குழந்தையைப் பார்க்கலாம். மற்ற பிள்ளைகள் பந்தலில் ஓடிப்பிடித்து விளையாடும். இது மட்டும் அம்மா இடுப்பைவிட்டு இறங்காது. "ரொம்ப அமைதியான புள்ள" என்று பாராட்டுவோம். அல்லது "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்வோம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தச் சுபாவம் வளர்ந்த பிறகும் கூடவே வருமா?

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நேதன் ஃபாக்ஸ் குழுவினர் இதைத் தேடினார்கள். 14 மாதக் குழந்தைகள் புது ஆள், புது பொம்மையைக் கண்டு ஒதுங்குகிறார்களா என்று கவனித்தார்கள். அதே பிள்ளைகளை 26 வயதுவரை பின்தொடர்ந்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். அன்று அதிகம் ஒதுங்கியவர்கள், 26 வயதிலும் அதிகம் ஒட்டாதவர்களாகவே இருந்தார்கள். ஆனால், படிப்பிலும் வேலையிலும் பின்தங்கவில்லை.

பதற்றம், மனச்சோர்வு? எல்லோருக்கும் வரவில்லை. 15 வயதில் மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, தான் செய்த தவறுக்கு யாருடைய மூளை மிக அதிகமாக அதிர்ந்ததோ, அவர்களிடம்தான் பின்னாளில் அந்த அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன.

ஆக, கூச்சம் நோயல்ல, தலையெழுத்தும் அல்ல. ஆனால், கூச்சமுள்ள பிள்ளை 99 மார்க்கோடு வரும்போது "அந்த ஒரு மார்க் எங்கே?" என்று கேட்பதற்கு முன் நாம் ஒருமுறை யோசிக்கலாம்.

வேறென்ன செய்யலாம்?

* "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று கூட்டத்தின் நடுவே தள்ளிவிட வேண்டாம். அதற்காக எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லவும் வேண்டாம். இரண்டுமே பயத்தைக் குறைக்காது.
* படிப்படியாகப் பழக்குங்கள். அங்கன்வாடிக்குப் போக அழுகிறதா? முதல் நாள் வாசல்வரை, அடுத்து உள்ளே உங்களோடு பத்து நிமிடம், பிறகு நீங்கள் வெளியே. ஆஸ்திரேலியாவில் கூச்சமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு 6 வகுப்புகளில் இதுபோன்ற பயிற்சி கொடுத்தார்கள். பின்னர் அந்தக் குழந்தைகளிடம் பதற்றக் கோளாறு குறைவாக இருந்தது.
* பிள்ளையின் காதுபட "இவ பேசவே மாட்டா" என்று சொல்லாதீர்கள்.

தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வயிற்றுவலி, தூக்கமின்மை, பிடித்த விளையாட்டிலும் ஆர்வமின்மை... இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

சேட்டை செய்யும் பிள்ளை தன் கஷ்டத்தைக் கத்திச் சொல்லிவிடும். அமைதியான பிள்ளையிடம் நாம்தான் கேட்க வேண்டும்.