ஏரிக்கு நாலு பக்கமும் கரை எதுக்கு?

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். நான் சிவில், ஃபைனல் இயர். போன செமஸ்டர்ல எங்க டீம் பண்ண மினி ப்ராஜெக்ட் 'ஏரி மேம்பாடும் அழகுபடுத்தலும்'. குன்றத்தூர்ல எங்க வீட்டுல இருந்து சைக்கிள்ல போற தூரத்துல ஒரு சின்ன ஏரி இருக்கு, அதைத்தான் எடுத்துக்கிட்டோம். சுத்தி நாலு பக்கமும் கரை, கரையில கல் பதிப்பு, மேல நடைபாதை, நடுவுல ஃபவுண்டன், ராத்திரிக்கு எல்இடி லைட். ஆட்டோகேட்ல வரைஞ்சு, ஸ்கெட்ச்அப்ல கலர் குடுத்து, கூகுள்ல இருந்து ரெண்டு வாத்து படத்தையும் எடுத்து தண்ணியில ஒட்டினோம். 'ஓ' கிரேடு வந்துச்சு.

நாங்க வரைஞ்ச அந்த ஏரிக்கு நிஜ வாத்து வராது. வந்தாலும் சாப்பிட ஒண்ணும் கிடைக்காது. இதை நான் கண்டுபிடிச்சது ப்ராஜெக்ட் முடிஞ்சு மார்க்கும் வாங்கினதுக்கு அப்புறம். அதனாலதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பிச்சது ஒரு யூடியூப் வீடியோல. மத்தியதரைக் கடல்ல மால்டான்னு ஒரு தீவு. நம்ம சென்னை மாநகராட்சியை விடச் சின்ன நாடு. செப்டம்பர், அக்டோபர் வந்தா ஐரோப்பாவுல இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போற பறவைங்க வழியில அங்க இறங்கி இளைப்பாறும். புஸ்கெட்னு ஒரு தோப்பு. சாயங்காலமானா பருந்து வகைகள் தங்குறதுக்கு அங்க இறங்குறதைப் பார்க்க ஆட்கள் பைனாகுலரோட கூடிடுறாங்க. கடல் தாண்டுற வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ணுறாங்க. அதுல சேற்றுப் பூனைப்பருந்துன்னு ஒண்ணு. பேரைத் தேடிப் பார்த்தா, அதே இனம் மத்திய ஆசியாப் பக்கம் இருந்து குளிர்காலத்துக்கு நம்ம பள்ளிக்கரணைக்கும் வருதாம். மால்டாவுக்கு டிக்கெட் போட வழியில்ல. பள்ளிக்கரணைக்கு பஸ் இருக்கு. அதுக்கும் முன்னாடி, வீட்டுப் பக்கத்து ஏரிக்கு சைக்கிள் இருக்கு.

நான் படிச்சது முழுக்க இங்கிலீஷ் மீடியம். 'இலையுதிர் காலம்'னா எங்க ரீடர்ல மேப்பிள் இலை சிவப்பா விழுற படம்தான். நம்ம ஊர்ல அந்த மாசங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைன்னு பேரு. பழைய தமிழ்ல இந்தப் பருவத்துக்கே 'கூதிர்'னு தனிப்பேர் இருக்கு. இங்க இலை உதிராது, மழை கொட்டும். ஏப்ரல்ல இருந்து காஞ்சு கிடந்த ஏரியெல்லாம் நிறையும். சரியா அந்த நேரம் பார்த்துதான் வடக்கே இருந்து பறவைங்க வருது. முப்பது நாடுகள் மேல விரிஞ்சு கிடக்கிற 'மத்திய ஆசியப் பறவை வழித்தடம்'னு ஒரு பாதை இருக்கு. அந்தப் பாதையில நம்ம புறநகர் ஏரிகளும் ஒரு ஸ்டாப்பிங்.

ஐப்பசியில மழை விட்ட ஒரு காலையில, கடன் வாங்கின பைனாகுலரோட ஆறு மணிக்குப் போனேன். பழக்கதோஷத்துல நேரா கரை மேல ஏறி நின்னேன். அங்க தண்ணி ஆழம். ரெண்டு முக்குளிப்பான் முங்கி முங்கி எழுந்துச்சு, அவ்வளவுதான். ஒரு கூழைக்கடாகூட இல்ல. 'இதுக்கா அஞ்சு மணிக்கு அலாரம் வச்சோம்'னு இருந்துச்சு.

எருமை ஓட்டிக்கிட்டு வந்த ஒரு அண்ணன்தான் கேட்டார், "இன்னா தம்பி, குருவி பாக்கவா? கரையில நின்னா இன்னா தெரியும்? உள்வாய்ப் பக்கம் போ."

உள்வாய். நாலு வருஷம் சிவில் படிச்சும் இந்த வார்த்தை எனக்குத் தெரியாது. கரைக்கு எதிர்ப்பக்கம், ஏரிக்குள்ள தண்ணி பரவி நிக்கிற இடத்துக்குப் பேர் உள்வாய். அங்க எங்க ஏரி முடியுது, எங்க புல்வெளி ஆரம்பிக்குதுன்னே தெரியல. கணுக்கால் தண்ணி, அப்புறம் சேறு, அப்புறம் ஈரப்புல். அந்த முப்பது நாப்பது அடிக்குள்ளதான் மொத்தக் கூட்டமும் இருந்துச்சு.

சேத்துல பட்டாணி உப்புக்கொத்தி ஓடி ஓடி நிக்குது. கொஞ்சம் உள்ள, விரல்கடை தண்ணியில பொரி உள்ளான். கிட்டத்தட்ட ஒரு கோழிமுட்டை எடைதான் இருக்கும், சைபீரியா மாதிரி வடகோடியில குஞ்சு பொரிச்சிட்டு நம்ம எருமை மேயுற சேத்துக்கு வந்து நிக்குது. இன்னும் உள்ள, சிவப்புக் கால் நெட்டையா வச்சுக்கிட்டு பவளக்காலி. அதைத் தாண்டி ஒரு அடி ஆழத்துல, தலையைத் தண்ணிக்குள்ள விட்டு பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு நீலச்சிறகி வாத்துங்க. "அதோ, நெத்தியில நாமம் போட்டுக்கினு போவுது பாரு, நாமக்கோழி" அப்படின்னார் அண்ணன். நான் மொபைல்ல அதோட இங்கிலீஷ் பேரைத் தேடிக்கிட்டு இருந்தேன். அவர் சொன்ன பேர்லயே அடையாளம் இருந்துச்சு.

அப்பதான் உறைச்சுது. யார் எங்க நிக்கணும்னு முடிவு பண்றது காலோட நீளமும் கழுத்தோட நீளமும். ஒவ்வொரு அங்குல ஆழத்துக்கும் ஒரு ஆள் இருக்கு. ஆழம் மெதுவா மாறினாத்தான் எல்லாருக்கும் இடம்.

வீட்டுக்கு வந்து எங்க ட்ராயிங்கைத் திறந்து கணக்குப் போட்டேன். உப்புக்கொத்தி, உள்ளான், பவளக்காலி எல்லாத்துக்கும் சேர்த்து இருபது சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் வேணும்னு வச்சுப்போம். நாங்க குடுத்த கல் பதிப்புச் சரிவு ஒன்றரைக்கு ஒண்ணு. அதாவது இருபது சென்டிமீட்டர் இறங்குறதுக்குள்ள கிடைக்கிற அகலம் வெறும் முப்பது சென்டிமீட்டர். ஒரு ஸ்கேல் நீளம்! அதுவும் கல்லு மேல, சேறே கிடையாது. அந்த உள்வாய்ச் சரிவை இருபதுக்கு ஒண்ணுன்னு குறைச்சு வச்சாக்கூட, அதே ஆழத்துக்கு நாலு மீட்டர் அகலம் கிடைக்கும். ரெண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பெருக்கினா எங்க டிசைன்ல 600 சதுர மீட்டர், மண் சரிவுல 8,000 சதுர மீட்டர். இன்னொண்ணும் இருக்கு. தை, மாசியில தண்ணி வத்த வத்த, சரிவான இடத்துல வாராவாரம் புதுச்சேறு வெளிய வரும். அதாவது வாராவாரம் புதுச் சாப்பாடு. கல்லுக் கரையில தண்ணி இறங்கினா பாசி பிடிச்ச கல்லுதான் வெளிய வரும்.

வண்ணத்துப்பூச்சி கதையும் இதே ஓரத்துலதான். தண்ணி போன இடத்துல தேள்கொடுக்குன்னு ஒரு செடி முளைக்கும். பூங்கொத்து தேளோட கொடுக்கு மாதிரியே சுருண்டு இருக்கும். அந்தச் செடி வாடி நின்னா நீல வரியன் ஆண் பூச்சிங்க மொய்க்கும். பெண்ணை ஈர்க்கிற வாசனையைத் தயாரிக்க அதுக்குத் தேவையான ஒரு ரசாயனம் அந்தச் செடியில இருக்கு. இந்த வரியன்கள்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவுல கூட்டம் கூட்டமா இடம் மாறுறவை. வெந்தய வரியன் முட்டை வைக்கிறது எருக்குல. ஈரச்சேத்துல உப்பு உறிஞ்ச மஞ்சளும் வெள்ளையுமா கூட்டமா உக்காரும். 2019ல தமிழ்நாடு அரசு 'தமிழ் மறவன்'னு ஒரு வண்ணத்துப்பூச்சியை மாநிலப் பூச்சியா அறிவிச்சப்ப நாமெல்லாம் ஸ்டேட்டஸ் வச்சோம். ஆனா எங்க எஸ்டிமேட்ல முதல் ஐட்டம் என்ன தெரியுமா? 'ஜங்கிள் கிளியரன்ஸ்'. எருக்கு, தேள்கொடுக்கு, கோரை எல்லாத்தையும் வழிச்சு எடுக்கிறதுக்கு சதுர மீட்டருக்கு இவ்வளவுன்னு ரேட். நானேதான் டைப் பண்ணேன்.

இப்ப என் வாதத்துக்கு வரேன். நம்ம ஏரி ஒரு தொட்டி இல்ல. பழைய ஏரியோட அமைப்பைப் பாருங்க. பள்ளமான பக்கத்துல மட்டும் வளைஞ்ச ஒரு கரை. அதுல பாசனத்துக்கு மதகு, மிஞ்சின தண்ணி போறதுக்கு கலங்கல். எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கும், ஏன்னா மழைத்தண்ணி ஓடி வர்றது அந்த வழியாத்தான். அந்தத் திறந்த பக்கத்தையும் மூடி நாலு பக்கமும் கரை கட்டினா பறவைக்கு மட்டும் நஷ்டம் இல்ல. தண்ணியே உள்ள வர சிரமப்படும். அப்புறம் அதுக்கு ஒரு பைப் போடணும், பைப் அடைச்சுக்கும், தெருவுல தண்ணி நிக்கும். செம்பரம்பாக்கத்துல உபரி நீர் திறந்தா சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம்னு டிவியில ஊர் பேர் ஓடும்போது வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்ற ஊர்க்காரன் நான். 2015 டிசம்பரைப் பார்த்த எவனும் தண்ணி வர்ற வழியை அடைக்க மாட்டான். ட்ராயிங் ஷீட்ல அடைச்சேன், ஏன்னா ஷீட்ல மழை பெய்யாது.

எதிர்வாதம் மூணு இருக்கு. மூணையும் என் டீம்மேட்ஸே சொன்னாங்க.

ஒண்ணு, நடைபாதை வேண்டாமா? எங்க பாட்டிக்கு முட்டிவலி, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கார், ரோட்டுல நடந்தா தண்ணி லாரி. கண்டிப்பா வேணும். ஏற்கனவே இருக்கிற கரை மேல போடுங்க. ஆழமான பக்கம் அதுதான், அங்க நடந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல. போன வழியே திரும்பி வந்தா முட்டி ஒண்ணும் கோவிச்சுக்காது. சுத்தியே வரணும்னு என்ன வேண்டுதலா?

ரெண்டு, ஆழப்படுத்தினாத்தானே தண்ணி நிக்கும்? சரிதான். செம்பரம்பாக்கம் மாதிரி 24 அடி வரைக்கும் தண்ணி பிடிக்கிற குடிநீர் ஏரியோட தேவை வேற. சின்ன ஏரியில கரையை ஒட்டின பகுதியை, கரையோட அடிமானம் கெடாத தூரம் விட்டு, தூர் வாருங்க. உள்வாய்ச் சரிவை மட்டும் விட்டுடுங்க. எடுத்த மண்ணை நடுவுல திட்டாப் போட்டு கருவேலம் வச்சா, நாளைக்குக் கூடு கட்டவும் ஆள் வரும்.

மூணு, இதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. உள்வாய்ப் பக்கம் கரை இல்லேன்னா பிளாட் போட்டுட மாட்டாங்களா? எட்டு மாசம் காஞ்சு கிடக்கிற இடம், குன்றத்தூர்ல இன்னைக்கு ஒரு சென்ட் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். இந்த பயம் நியாயமானது. ஆனா ஆக்கிரமிப்பைத் தடுக்க வேண்டியது சர்வே எல்லையில. தண்ணி முழுசா நிறைஞ்சா எது வரைக்கும் வருமோ அந்தக் கோட்டுக்கு வெளிய எல்லைக்கல், வேலி, பனைமர வரிசை. கோட்டுக்கு உள்ள தள்ளி நடைபாதைக் கரை கட்டினா, கரைக்கு வெளிய விட்ட நிலத்தை நாமளே தானமா எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

இதெல்லாம் புதுசா வெளிநாட்டுல இருந்து வந்த யோசனையும் இல்ல. இங்கிருந்து தெற்கே இருக்கிற வேடந்தாங்கல் ஊர்க்காரங்க, பறவையைச் சுடக்கூடாதுன்னு 1798லயே அப்ப செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயோனல் பிளேஸ்கிட்ட எழுத்துல உரிமை வாங்கினவங்க. அவங்களுக்குக் கணக்கு தெரிஞ்சிருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சர் அங்கீகாரம் கிடைச்சுது, சந்தோஷம். ஆனா பேர் இல்லாத நம்ம தெருமுனை ஏரிக்கு எந்தப் பட்டமும் வராது. அதோட தலையெழுத்து ஒரு ட்ராயிங் ஷீட்ல இருக்கு. அந்த ஷீட்டை வரையப்போறது ரெண்டு மூணு வருஷத்துல நம்மள்ல யாரோதான்.

அதனால ஜூனியர்ஸுக்கு ரெண்டு வேண்டுகோள். பொங்கல் லீவுல 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கும். உங்க தெரு ஏரியில பதினஞ்சு நிமிஷம் நின்னு எண்ணி ஈபேர்ட்ல போடுங்க. பேர் தெரியலைன்னா மெர்லின் ஆப் இருக்கு, இல்லேன்னா எருமை மேய்க்கிற அண்ணனைக் கேளுங்க. "அங்க ஒண்ணுமே இல்ல சார், வெறும் புதர்" அப்படின்னு ஒரு ரிப்போர்ட் எழுதப்படும்போது, இல்லைன்னு காட்ட அந்த லிஸ்ட் வேணும்.

ரெண்டாவது, இந்த வருஷமும் யாராவது 'ஏரி அழகுபடுத்தல்' டாபிக் எடுப்பீங்க, ஈஸியா மார்க் வரும்னு எனக்கே தெரியும். எடுங்க. ஆட்டோகேட் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை காலையில ஆறு மணிக்கு ஏரிக்குப் போங்க. கரையில ஏறாதீங்க. செருப்பைக் கழட்டிட்டு உள்வாய்ப் பக்கம் இறங்கி, கணுக்கால் தண்ணி எவ்வளவு தூரம் போகுதுன்னு டேப் பிடிச்சு அளந்துட்டு வாங்க. அந்த நீளத்தை உங்க குறுக்குவெட்டுப் படத்துல அப்படியே வரைஞ்சு, பக்கத்துல 'இங்கே வேலை எதுவும் இல்லை'ன்னு எழுதுங்க.

எங்க ப்ராஜெக்ட்டோட திருத்தின ட்ராயிங் என்கிட்ட இருக்கு. மூணு பக்கக் கரையை எடுத்தாச்சு, ஃபவுண்டன் போயிடுச்சு, எஸ்டிமேட் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. கூகுள்ல இருந்து ஒட்டின வாத்தையும் அழிச்சுட்டேன். வேணும்னா கேளுங்க, ஃபைல் அனுப்புறேன்.